பெங்களூரா, சென்னையா, ஓசூரா: பாலக்கோட்டிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி:

மேடம், எனக்கு 23 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். இந்த மாதம் ஒரே நேரத்தில் மூன்று வேலை வந்திருக்கிறது. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் எம்பெடட் டெஸ்டிங் (கருவிகளுக்குள் இருக்கிற மென்பொருளைச் சோதிக்கிற வேலை), வருடம் 4 லட்சம். சென்னை சோழிங்கநல்லூரில் டெக்னிக்கல் சப்போர்ட், நைட் ஷிஃப்ட், வருடம் 4 லட்சத்து 20 ஆயிரம். தாம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் டிரெய்னி, மாதம் 18,500; ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு 2,000 பிடிப்பார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் பெங்களூர் வா என்கிறார்கள். அப்பா பெங்களூர் என்றாலே பேச்சை நிறுத்திவிடுகிறார். சின்ன வயதில் அங்கே சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்கிறார். 1991 கலவரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்தவராம். ஓசூர் போதும் என்கிறார். அம்மா அக்கா வீடுதான் பாதுகாப்பு என்கிறார். என் வயதுக்காரர்களுக்கு எந்த ஊர் நல்லது? 15-ம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில்:

அன்பு மகளே,

உன் வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம் தர்மபுரிதான், 68.5 சதவீதம். அந்தக் கணக்கு எடுத்தபோது நீ ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பாய். இன்று மூன்று ஊரிலிருந்து உனக்கு வேலைக் கடிதம் வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது சண்டை மாதிரித் தெரியும். ஆனால் அப்பாவும் அம்மாவும் உனக்காகத்தான் பயப்படுகிறார்கள்.

"எந்த ஊர் நல்லது மேடம்?" என்ற கேள்வியோடு 22 வருடமாகப் பிள்ளைகள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். கேட்டவுடன் காரணம் சொல்லச் சொல்வேன். முதலில் சொல்வது எல்லாரும் சொல்வதுதான்: பெங்களூரில் கம்பெனி அதிகம், சம்பளம் அதிகம், வெயில் இல்லை, ஊருக்கு மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். சென்னை என்றால் பாஷைப் பிரச்சினை இல்லை, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கடற்கரை இருக்கிறது. கோவை என்றால் தண்ணீர் நல்லா இருக்கும், ஊர் அமைதி. ஹைதராபாத் என்றால் பெங்களூரை விட வாடகை கம்மி. இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அதற்குப் பிறகுதான் நிஜமான காரணம் வரும், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு.

"அங்கே யாரும் கேட்க மாட்டாங்க மேடம்."

போன வருடம் காரிமங்கலம் பக்கத்துப் பெண் ஒருத்தி இதே வார்த்தையைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் நின்றால் யார் மகள், எங்கே போகிறாய், இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்க ஆள் இல்லாத ஊர் வேண்டும் என்றாள். சம்பளத்தைப் பற்றி அவள் கேட்டது அதற்குப் பிறகுதான். பையன்களுக்கு இது வேறு மாதிரி: சாதி கேட்காமல் வீடு கிடைக்குமா, நாலு பேர் சேர்ந்து சமைத்துக்கொண்டு இருக்கலாமா, ராத்திரி பத்து மணிக்கு டீ குடிக்க வெளியே போனால் யாராவது வீட்டில் சொல்வார்களா. உன் கடிதத்தில் நீ இதை எழுதவில்லை. மனசில் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் பெண்ணுக்கு இருபது தாண்டினால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஜாதகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கொஞ்ச காலம் அந்தப் பேச்சு காதில் விழாத இடத்தில் இருக்க நினைப்பது நியாயமான ஆசை. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்துவிடக் கூடாது.

இப்போது அப்பா விஷயம். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

நம் மாவட்டத்தில் உன் அப்பா வயதுக்காரர்களுக்குப் பெங்களூர் என்றால் வேறு பெங்களூர். கட்டுகிற கட்டிடத்துக்குள்ளேயே தகரக் கொட்டகை, சிமெண்ட் மூட்டை மேல் தூக்கம், மேஸ்திரி சனிக்கிழமை கொடுக்கிற கூலி. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், பாலக்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் அப்படிப் போய் வந்த ஒருவர் இருப்பார். நீ வேலைக்குப் போகப் போகிற அந்தப் பக்கத்துக் கட்டிடங்களில் எத்தனைக்கு நம் ஊர்க்காரர்கள் கலவை கலந்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி அங்கே தமிழர்கள் மேல் கலவரம் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தார்கள். உன் அப்பா அன்று உன்னை விடச் சின்னப் பையனாகத்தான் இருந்திருப்பார். அவர் பேச்சை நிறுத்துவது பிடிவாதத்தால் என்று நினைத்துவிடாதே.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று அவரிடம் சொல்லாதே. 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்களை எரித்தார்கள். நான் வேலையில் சேர்த்துவிட்ட பிள்ளைகள் சிலர் அன்று அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரை பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, இந்தப் பக்கம் நின்ற நம் பஸ்ஸில் ஏறினார்கள். அன்று ராத்திரி முழுக்க நான் போனைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அடுத்த வாரமே திரும்பப் போனார்கள். அவர்களைத் திரும்ப வரச் சொல்லி முதலில் போன் செய்தது கூட வேலை பார்க்கிற கன்னடப் பிள்ளைகள்தான். இரண்டையும் அப்பாவிடம் சொல். அவர் பயத்தில் உண்மை இருக்கிறது என்று நீ ஒப்புக்கொண்டால்தான் நீ சொல்வதையும் அவர் கேட்பார்.

இன்னொன்று. நம் பக்கத்தில் மாரண்டஅள்ளி மாதிரி எத்தனை ஊர்கள் 'அள்ளி' என்று முடிகின்றன என்று எண்ணிப் பார். கன்னடத்தில் ஹள்ளி என்றால் கிராமம். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். மதுரைப் பிள்ளைக்குக் கன்னடம் எவ்வளவு தூரமோ, உனக்கு அவ்வளவு தூரம் இல்லை. நீ பெங்களூர் போனால் மூன்று மாதத்துக்குள் பேசக் கற்றுக்கொள். ஓசூர் ரோடு ஓரத்தில் தமிழே போதும் என்று தோழிகள் சொல்வார்கள், கடையில் போதும்தான். வீட்டுக்காரம்மாவிடமும் ஆட்டோக்காரரிடமும் அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை பேசுகிற பெண்ணுக்கு அந்த ஊரில் கிடைக்கிற மரியாதையே வேறு.

சரி, பணத்துக்கு வருவோம். நீ 4 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 33,333 என்று மனசுக்குள் வைத்திருப்பாய். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் வகுக்கிறார்கள், அதுவும் ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில். வேலைக் கடிதத்தில் போட்டிருக்கும் தொகை கம்பெனிக்கு உன்னால் ஆகும் மொத்தச் செலவு. அதில் உன் பங்கு பி.எஃப்., கம்பெனி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, வருட முடிவில் தருவதாகச் சொல்லும் பத்து சதவீதம் எல்லாம் அடக்கம். பி.எஃப். இரண்டு பக்கமும் மாதம் 1,800 என்று வைத்து, கிராஜுவிட்டியையும் அந்தப் பத்து சதவீதத்தையும் எடுத்துவிட்டு, கர்நாடகத்தில் மாதம் 200 ரூபாய் தொழில் வரியையும் கழித்தால் கையில் வருவது 25,400 பக்கம். சாப்பாட்டோடு பி.ஜி. (மாதப் பணம் கட்டித் தங்குகிற விடுதி) 8,000. மதியச் சாப்பாடு, போன், பஸ், மாதம் இரண்டு தடவை ஊர், அவ்வப்போது ஒரு சுடிதார், இதற்கெல்லாம் 5,500. மிச்சம் 11,900.

ஓசூரைப் பார். 18,500-ல் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 139, ஹாஸ்டல் 2,000. கையில் 14,561. போனுக்கும் ஊருக்கும் கைச்செலவுக்கும் 3,000 போனால் மிச்சம் 11,500 சொச்சம்.

வித்தியாசம் 400 ரூபாய்க்குள். உன் கடிதத்தைப் படித்ததும் நான் கணக்குப் போட்டுப் பார்த்து அசந்தே போனேன். பெங்களூர் போனால் பணம் சேரும், ஓசூரில் சேராது என்று உன் தோழிகள் சொல்வது இந்த இரண்டு கடிதத்தையும் பொறுத்தவரை சரியில்லை. முதல் இரண்டு வருடத்துக்கு வீட்டுக்கு நீ அனுப்பப்போகிற தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே பணத்தைக் காரணம் காட்டி அப்பாவிடம் வாதாடாதே. தக்காளி பெட்டிக்கு என்ன விலை போனது என்று தினமும் பாலக்கோடு மார்க்கெட்டில் கணக்குப் பார்க்கிறவர் அவர். உன்னை விட வேகமாகக் கழித்துவிடுவார்.

அப்படியானால் எதை வைத்து முடிவு எடுப்பது? நான் பார்த்தவரையில் ஒரு கேள்விதான் ஊர்களைப் பிரித்துக் காட்டுகிறது: இந்த வேலை இரண்டு வருடத்தில் போய்விட்டால், அல்லது நீயே விட்டுவிட்டால், அடுத்த வேலை அதே ஊரில் கிடைக்குமா?

நம் பிள்ளைகள் முதல் வேலைக்காக ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் வேலை நிலைப்பது குறைவு. கம்பெனி பிராஜெக்டை மூடும், மேலதிகாரி மாறுவார், டிரெய்னி காலம் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கு அதே பி.ஜி. அறையில் இருந்துகொண்டே வேறு நாலு இடத்துக்கு இன்டர்வியூ போக முடிந்தால் அது உனக்கு ஏற்ற ஊர். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியிருந்தால், அதோடு கல்யாணப் பேச்சும் சேர்ந்து வரும். அப்படித் திரும்பி வந்து மறுபடி வெளியே போக முடியாமல் போன பெண்கள் எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் மனசு பொறுக்கவில்லை. ஒருத்தி எம்பெடடில் அவ்வளவு கெட்டிக்காரி.

உன் படிப்புக்கும், நீ கற்றுக்கொள்ளப் போகிற டெஸ்டிங் வேலைக்கும் அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை கிடைக்கிற ஊர் பெங்களூர்தான். வண்டிக்கு, மருத்துவக் கருவிக்கு, போனுக்கு உள்ளே வைக்கிற சர்க்யூட்டுக்கு மென்பொருள் எழுதிச் சோதித்துப் பார்க்கிற கம்பெனிகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. எச்.ஏ.எல்., பி.இ.எல். மாதிரிப் பொதுத்துறை நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே எலக்ட்ரானிக்ஸ் ஆட்களை உருவாக்கி வைத்திருக்கின்றன. சென்னையிலும் இந்த வேலை உண்டு. ஆனால் உனக்குச் சென்னையில் கிடைத்திருப்பது அந்த வேலை இல்லையே.

ஓசூரைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுக் கோவையா பெங்களூரா என்று கேட்டு வந்தான். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஓசூர் போ என்றேன். தொழிற்பேட்டைகள் அமைக்கிற அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கியது 1971-ல். 1980 வாக்கில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். மொபெட் வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, 1987-ல் டைட்டன் கடிகாரம் வந்தது. அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கிற சின்னப் பட்டறைகள் சுற்றிலும் நிறைய. சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்குகிற எந்திரம்) தெரிந்த பையனுக்கு அங்கே ஒரு கதவு மூடினால் அடுத்த தெருவிலேயே இன்னொரு கதவு திறக்கும். இப்போது எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் வந்து, நம் கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய் வருவது எனக்குச் சந்தோஷம்தான். 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. காலைக் குளிரும் பெங்களூருக்குக் குறைந்ததில்லை. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு நீ சொல்கிற அந்த வேலை அருமையான வேலை. நீ நாலு வருடம் சர்க்யூட் படித்தவள். லைனில் நின்று உதிரிபாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, அப்புறம் எம்பெடட் வேலைக்குப் போய் நின்றால், "இடையில் என்ன செய்தாய்?" என்றுதான் கேட்பார்கள்.

சென்னைக்கு வருகிறேன். எனக்குச் சென்னை பிடிக்கும். என் முதல் வேலை அங்கேதான், 1998-ல். நான் இருந்த அறையின் வீட்டுக்காரர் காலி செய்யும்போது அட்வான்ஸில் பாதியைத் தரவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்காதது என் அறியாமை. அப்படியிருந்தும் ஊர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் தமிழில் பேசலாம், மெட்ரோ இருக்கிறது, சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. (கர்நாடகத்திலும் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு இலவசப் பஸ் உண்டு, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். உன் ஆதாரில் பாலக்கோடு இருக்கும்வரை டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.) அரசுத் தேர்வு எழுதுகிற எண்ணம் இருந்திருந்தால், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்றுக்காகவே சென்னை போ என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் உனக்கு வந்திருப்பது நைட் ஷிஃப்ட். மாலையில் கிளம்பி விடியற்காலை வந்து, பகல் முழுக்கத் தூங்க வேண்டும். எங்கே தூங்குவாய்? அக்கா வீட்டில் எத்தனை அறை? அக்கா குழந்தை பள்ளியிலிருந்து வந்தால் ஓடும், டி.வி. போடும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் இருப்பார். முதல் மாதம் எல்லாரும் குரலை அடக்கிப் பேசுவார்கள். மூன்றாவது மாதம் உனக்கே சங்கடமாகிவிடும். உன் அக்காவின் பாசத்தில் குறை சொல்லவில்லை. பகலில் தூங்குகிற ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் மற்ற எல்லாரும் விருந்தாளி மாதிரி நடக்க வேண்டியிருக்கும், அதுதான் விஷயம். அதோடு, ஊருக்கு வர மொரப்பூரில் ரயில் இறங்கி, அங்கிருந்து தர்மபுரி, அப்புறம் பாலக்கோடு, அப்புறம் உன் கிராமம். நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்போடு அந்தப் பயணத்தை மாதம் இரண்டு தடவை செய்ய மாட்டாய். எல்லாவற்றையும் விட, சப்போர்ட் வேலை உன்னை உன் படிப்பிலிருந்து விலக்கிக்கொண்டே போகும். அக்கா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போ, நாலு நாள் இருந்துவிட்டு வா.

அதனால் என் பதில் பெங்களூர். ஆனால் 'பெங்களூர்' என்று பொதுவாகச் சொல்லவில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை என்றால் மட்டும்தான்.

இதில் விடாப்பிடியாக இரு. தோழிகள் மாரத்தஹள்ளியில் இருக்கிறார்கள், பி.டி.எம்.மில் இருக்கிறார்கள், சேர்ந்து இருக்கலாம் என்பார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றால் உனக்கு ஊர் என்று எதுவும் மிஞ்சாது, டிராஃபிக்தான் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை தோழிகளைப் போய்ப் பார். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ மஞ்சள் பாதை திறந்துவிட்டது, அதில் ஏறினால் நகரத்துக்குள் போய்விடலாம்.

நீ இருக்கப்போவது பெங்களூரின் நம் பக்கத்து வாசலில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு மேம்பாலத்துக்குக் கீழே போய்ப் பார்த்தால் தெரியும். முதுகில் லேப்டாப் பை, கையில் துணிப்பை, "தர்மபுரி, தர்மபுரி, சேலம்" என்று கண்டக்டர் கத்துகிற பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகள். திங்கட்கிழமை விடியற்காலை இதே கூட்டம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எதிர்த் திசைக்கு நிற்கும். இப்போது பைகள் கனமாக இருக்கும்: புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, கேழ்வரகு மாவு, வறுத்த வேர்க்கடலை, சில நேரம் ஒரு பை தக்காளி. நீ எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்தால் சில்க் போர்டு வரைகூடப் போக வேண்டாம், வழியிலேயே ஏறலாம். ஓசூர் வந்து, ராயக்கோட்டை வழியாக வீடு. பாலக்கோட்டிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் பாசஞ்சர் நிற்கும். அப்பா சொல்கிற ஓசூருக்கும் நீ கேட்கிற இடத்துக்கும் நடுவில் இருப்பது முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அவருக்கு இதை வரைபடத்தில் காட்டு.

பி.ஜி. பார்க்கும்போது தண்ணீரைக் கேள். 2024 மார்ச்சில் பெங்களூரில் போர்வெல் வற்றி, டேங்கர் லாரிக்காக எத்தனையோ குடியிருப்புகள் காத்துக் கிடந்தன. காவிரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கரா, கோடையில் என்ன செய்தீர்கள் என்று நேராகக் கேள். வார்டன் இல்லாத நேரத்தில் அங்கே இருக்கிற பெண்களிடம் தனியாகக் கேட்டால் சரியான பதில் வரும். சாப்பாட்டைப் பற்றியும் அவர்களே சொல்வார்கள். நேரில் பார்க்காமல் போனில் அட்வான்ஸ் அனுப்பாதே. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதே, இது என் 1998 பாடம். இரவு கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதையும், ஆபீஸில் தாமதமானால் கம்பெனி வண்டி உண்டா என்பதையும் சேர்த்துக் கேள். வண்டி கொடுக்க முடியாத கம்பெனியில் இரவு வரை உட்காராதே.

கம்பெனிக்குக் கடிதம் போடும் முன்னால் மூன்று விஷயம் எழுத்தில் வாங்கு. டிரெய்னிங் காலம் எவ்வளவு, பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்கிற ஒப்பந்தம்) உண்டா, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடு, கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வா. "வேலையை விடும்போது தருகிறோம்" என்று வைத்துக்கொள்கிற இடம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம். வேலைக்காக யாராவது பணம் கேட்டால், கன்சல்டன்சி என்று எந்தப் பெயரில் கேட்டாலும், உடனே எழுந்து வந்துவிடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள். தேவைப்படாமலே போகட்டும், பெயர் தெரிந்திருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம், நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம் ஊர்த் தண்ணீரின் ஃபுளோரைடால் பல்லில் கறை படிந்த பிள்ளைகள் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவதை இன்டர்வியூ அறைகளில் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் வளர்ந்தவர்கள் நீங்கள். உனக்கும் அப்படி இருந்தால் கையை எடுத்துவிட்டுப் பேசு. அது உன் தப்பு இல்லை. அங்கே உன் வேலையைத்தான் பார்ப்பார்கள்.

இனி, அப்பாவைச் சம்மதிக்க வைப்பது. வாயால் முடியாது, கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மார்க்கெட் வேலை கம்மியாக இருக்கிற ஒரு நாள் பார்த்து, அவரோடு காலை முதல் பஸ்ஸில் ஓசூர் போ. ஓசூர் கம்பெனி ஹாஸ்டலை முதலில் காட்டச் சொல், அவர் விருப்பத்துக்கும் மரியாதை வேண்டும். அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி. நீ வேலை பார்க்கப்போகிற கட்டிடத்தை வெளியிலிருந்து காட்டு, பி.ஜி.யை உள்ளே கூட்டிப்போய்க் காட்டு. சமையலறையைப் பார்க்கட்டும், வார்டனிடம் அவரே பேசட்டும். அவருக்கு அந்தக் காலத்துக் கன்னடம் இன்னும் மறந்திருக்காது. அவர் பேசும்போது நீ குறுக்கே பேசாதே.

முடிந்தால் அவர் சென்ட்ரிங் அடித்த கட்டிடம் எது என்று கேள். நகரத்துக்குள் இருந்தால் மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போ. இன்னும் நிற்கிறதா என்று இரண்டு பேரும் பாருங்கள்.

15-ம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஓசூருக்கும் சென்னைக்கும் இப்போதே மறுப்பு எழுதிவிடாதே. பெங்களூர் கம்பெனி சேரும் தேதியை எழுத்தில் கொடுத்த பிறகு எழுது. அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு, பாண்ட் பக்கத்தை நான் ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன்.